வீட்டு வாரியத்துக்கும் பூர்வகுடி நல்லிணக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கனடாவில் நகரசபைக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, ஏன், டொராண்டோ பக்கம் நடக்கும் தமிழ் விழாக்கள் பலவற்றில்கூட, முதலில் ஒருவர் மைக்கைப் பிடித்து "நாம் கூடியிருக்கும் இந்த நிலம் இன்னின்ன பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலம்" என்று வாசிப்பார். இதற்கு நில ஒப்புகை என்று பெயர். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அங்குள்ள அரசு வீட்டு வாரியங்களும் தங்கள் கூட்டங்களை இப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் வீட்டு வாரியத்தின் நிலைமை கொஞ்சம் சங்கடமானது. அந்த நிலத்தில் ஒரு பகுதி அதன் பெயரிலேயே இருக்கிறது. வீடு யாருக்கு, எத்தனை அறை, எவ்வளவு வாடகை, யார் உடன் தங்கலாம், யாரைக் காலி செய்யச் சொல்வது என்பதெல்லாம் அதன் கையில் இருக்கும் முடிவுகள். ஒப்புகையை வாசித்த பிறகு இந்த அதிகாரங்களை அது என்ன செய்கிறது? கனடாவில் இப்போது "வீட்டுவசதியில் நல்லிணக்கம்" என்று பேசுகிறவர்கள் கேட்பது இதைத்தான்.

முதலில் நல்லிணக்கம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கனடா அரசமைப்பு பூர்வகுடிகள் என்று மூன்று பிரிவினரை ஏற்றுக்கொள்கிறது: ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்கள், வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டி மக்கள். 2021 மக்கள்தொகைக் கணக்குப்படி இவர்கள் சுமார் 18 லட்சம் பேர், மக்கள்தொகையில் 5 சதவீதம். இவர்களுடைய பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1990-கள் வரை உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள் அவை. பலரைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கித்தான் கொண்டுபோனார்கள். தாய்மொழி பேசினால் அடி. பலர் வீடு திரும்பவே இல்லை. இதை விசாரிக்க 2008-இல் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, நீதிபதி மர்ரி சின்க்ளேர் தலைமையில் பல ஆயிரம் பேரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது.

அந்த 94-இல் குழந்தைகள் நலம், கல்வி, மொழி, உடல்நலம், நீதி என்றெல்லாம் தலைப்புகள் உண்டு. வீட்டுவசதிக்கென்று தனித் தலைப்பு கிடையாது. "அப்படியானால் எங்களுக்கு வேலை இல்லை" என்று ஒரு வாரியம் கையை விரித்துவிடலாம்தான். ஆனால் 43-ஆம் பரிந்துரை, பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தை எல்லா அரசுகளும் நல்லிணக்கத்தின் சட்டகமாக ஏற்கச் சொல்கிறது. அந்தப் பிரகடனத்தின் 23-ஆம் பிரிவில் வீட்டுவசதி பெயர் சொல்லியே வருகிறது. தங்களைப் பாதிக்கும் வீட்டுத் திட்டங்களை வகுப்பதில் பூர்வகுடி மக்கள் பங்கேற்க வேண்டும், கூடுமானவரை அவற்றைத் தங்கள் சொந்த அமைப்புகள் வழியாகவே நிர்வகிக்க வேண்டும், இது அவர்களின் உரிமை என்கிறது அது. 2007-இல் இந்தப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த நான்கே நாடுகளில் கனடாவும் ஒன்று. பிற்பாடு மனம் மாறி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2019-இலும் மத்திய அரசு 2021-இலும் அதைச் செயல்படுத்தச் சட்டமே இயற்றின.

23-ஆம் பிரிவில் என் கண்ணில் முதலில் படுவது "நிர்வகிக்க" என்ற இடம். நல்ல வீடு கட்டிக் கொடுங்கள் என்பதோடு அது நிற்கவில்லை.

வீடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

1876-இல் வந்த இந்தியர் சட்டம் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களைத்தான் அந்தச் சட்டம் 'இந்தியர்' என்கிறது) பலமுறை திருத்தப்பட்டும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்கள் பெரும்பாலும் அரசின் பெயரில்தான் உள்ளன. அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, அங்கே இருக்கும் ஒரு பூர்வகுடியினரின் சொத்தை வெளியார் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது. காப்பதற்காக எழுதப்பட்டதுதான். ஆனால் பறிமுதல் செய்ய முடியாத வீட்டின்மேல் எந்த வங்கி அடமானக் கடன் தரும்? அமைச்சரின் உத்தரவாதம் வேண்டும், அதற்கொரு நடைமுறை, காத்திருப்பு. மற்ற கனடியக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வீட்டை வைத்துச் சேமிப்பு சேர்த்த அதே காலத்தில் இவர்களுக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். பூர்வகுடி அல்லாத ஆணைத் திருமணம் செய்தால் ஒரு பெண் சட்டப்படியான பூர்வகுடி அந்தஸ்தை இழந்தார். அதோடு ஒதுக்கீட்டு நிலத்தில் வசிக்கும் உரிமையும் போனது. 1985-இல்தான் இது திருத்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நகரங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தன. இன்று பூர்வகுடிகளில் பெரும்பாலோர் ஒதுக்கீட்டு நிலங்களுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள்.

விளைவு எண்களில் தெரிகிறது. 2021 கணக்கின்படி பூர்வகுடிகளில் 16.4 சதவீதம் பேர் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும் வீட்டில் இருக்கிறார்கள். மற்றவர்களில் இது 5.7 சதவீதம். நெரிசலான வீடுகளில் இருப்போர் 17.1 சதவீதம். கனடிய நகரங்களில் வீடற்றோரை ஒரே நாளில் எண்ணும் கணக்கெடுப்புகளில், எண்ணப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பூர்வகுடி.

சாவிக்கொத்து யார் கையில்

நகரங்களுக்கு வந்த பூர்வகுடிகள் வாடகைக்கு வீடு தேடினால் "இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்" என்ற பதில் கிடைக்கும். இந்தக் கதையைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் தாங்களே சங்கம் அமைத்து வீடு வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். 1970-இல் வின்னிபெக்கில் தொடங்கிய கினியூ ஹவுசிங் இவற்றுள் மிகப் பழையது. வான்கூவரில் லூமா வீட்டுவசதிச் சங்கம் 1980-இல் வந்தது. மத்திய அரசும் எழுபதுகள், எண்பதுகளில் இத்தகைய சங்கங்களுக்கு மானியம் கொடுத்தது. 1993-இல் புதிய சமூக வீடுகளுக்கான, அதாவது அரசு மானியத்தில் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளுக்கான, மத்திய நிதி நின்றது, பிறகு நிர்வாகம் மாகாணங்களிடம் போனது. பூர்வகுடிகளின் வீட்டுச் சங்கங்கள் திடீரென்று மாகாண வீட்டு வாரியங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவை ஆகின.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே 1996-இல் பூர்வகுடி வீட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி ஆமா (AHMA) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நிர்வாகக் கூட்டமைப்பை உருவாக்கின. மாகாண வீட்டு வாரியமான பிசி ஹவுசிங், பூர்வகுடிச் சங்கங்களின் வீடுகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பைப் பின்வந்த ஆண்டுகளில் படிப்படியாக இந்தக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது.

மேற்பார்வை என்றால் என்ன? ஒவ்வொரு சங்கத்துக்கும் அரசுடன் ஓர் இயக்க ஒப்பந்தம் இருக்கும். குறைந்த வருமானக் குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கும். அதற்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை மானியம் நிரப்பும். அந்த மானியத்தை அனுப்புவது, ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பது, கூரை எப்போது மாற்ற வேண்டும் என்று கட்டடத்தைப் பரிசோதிப்பது, கடனில் தத்தளிக்கும் சங்கத்தைக் கைதூக்கிவிடுவது எல்லாம் மேற்பார்வையாளரின் வேலை. முன்பு இதைச் செய்தது மாகாண அதிகாரி. ஒரு சங்கத்தின் தலையெழுத்து அவர் எழுதும் அறிக்கையில் இருந்தது. இப்போது அந்த இடத்தில், அந்தச் சங்கங்களையே உறுப்பினர்களாகக் கொண்ட ஓர் அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. பாட்டி பேரப்பிள்ளைகளை வளர்க்கும் குடும்பம் அங்கே சர்வசாதாரணம் என்பதை அதற்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2022-இல் இதே கூட்டமைப்பு, நகர, கிராம, வடபகுதிப் பூர்வகுடிகளுக்கான வீட்டு வியூகத்தை மாகாணம் முழுவதற்கும் தானே எழுதி வெளியிட்டது. வழக்கமாக அரசு எழுதிவிட்டுக் கடைசியில் கருத்துக் கேட்கும். இங்கே வரிசை மாறியது.

இதில் ஒரு பொறியும் உண்டு. பணமில்லாமல் பொறுப்பை மட்டும் கைமாற்றினால் அது தலைவலியை இடம் மாற்றுவதாக முடியும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கட்டடம், ஒழுகும் குழாய், காலியான பராமரிப்பு நிதி. இவற்றை ஒப்படைத்துவிட்டு "சுயநிர்ணயத்தை மதித்தோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளும் ஆசை எந்த அரசுக்கும் வரும்.

அதே மாகாணம் 2018-இல் பூர்வகுடி வீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் 55 கோடி டாலர், 1,750 வீடுகள் என்பது தொடக்க இலக்கு. பிறகு இலக்கு உயர்த்தப்பட்டது. தொகையைவிட முக்கியமான செய்தி, ஒதுக்கீட்டு நிலத்திலும் இந்தப் பணத்தில் வீடு கட்டலாம் என்பது. ஒதுக்கீட்டு நிலத்தில் வீடு என்பது மத்திய அரசின் பொறுப்பு என்று மாகாணங்கள் காலங்காலமாக ஒதுங்கியிருந்தன. மத்திய அரசோ நகரத்துப் பூர்வகுடிகள் மாகாணத்தின் பொறுப்பு என்று சொல்லும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே கோப்பு அலைவது நமக்குப் புதிதில்லையே. தானாக முன்வந்து அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் மாகாணம் இதுதான்.

சின்னச் சின்ன விதிகள்

நல்லிணக்கம் என்றதும் பெரிய அறிவிப்புகள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் குடியிருப்பவரைத் தினமும் தொடுவது வாடகை ஒப்பந்தத்தில் உள்ள விதிகள்.

கனடாவில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை படுக்கையறை தேவை என்று கணக்கிட ஒரு தேசிய அளவுகோல் இருக்கிறது. ஓர் அறைக்கு இருவருக்கு மேல் கூடாது. 18 வயது கடந்த, துணையில்லாத ஒவ்வொருவருக்கும் தனி அறை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. இதை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால், வடக்கிலிருந்து மருத்துவத்துக்காக வந்து இரண்டு மாதம் தங்கும் சித்தி ஒப்பந்த மீறலாகிவிடுவார். பல வாரியங்களில் விருந்தினர் இத்தனை நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதி வேறு. உறவினருக்கு இடம் கொடுப்பது கடமை என்று நினைக்கும் ஒரு சமூகத்தில் இந்த விதிகள் நேராக வெளியேற்றத்தில் கொண்டுபோய் விடும்.

இதைவிடக் கொடுமையான சிக்கல் குழந்தைகள் விஷயத்தில் நடக்கிறது. 2021 கணக்கில், வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேர் பூர்வகுடிகள். அந்த வயதுப் பிள்ளைகளில் அவர்களின் பங்கு 7.7 சதவீதம்தான். "அலட்சியம்" என்று பதிவாவதில் பெரும்பகுதி வறுமையும் வீட்டு நெரிசலும்தான். ஒரு தாயிடமிருந்து பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாரியத்தின் பார்வையில் அவர் இப்போது தனி நபர். மூன்று அறை வீட்டுக்குத் தகுதியில்லை, சின்ன வீட்டுக்கு மாறு என்று கடிதம் வரும். ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டால், "போதுமான அறை இல்லை" என்று குழந்தைகள் நலத்துறை சொல்லும். இரண்டு துறையும் தங்கள் விதிப்படி சரியாகவே நடந்திருக்கும்.

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் ஒன்று, வறுமை, போதிய வீடின்மை போன்ற காரணங்களை மட்டும் வைத்துப் பூர்வகுடிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக்கூடாது என்கிறது. சட்டம் குழந்தைகள் நலத்துறையை நோக்கிப் பேசுகிறது. ஆனால் பிள்ளைகள் திரும்பி வரும் வரை பெரிய வீட்டை அந்தத் தாய்க்கே விட்டு வைக்க ஒரு வீட்டு வாரியத்தால் முடியும். கூடுதல் நிதியோ புதிய கட்டடமோ வேண்டாம், உள்விதியில் ஒரு பத்தி மாறினால் போதும். என்னைக் கேட்டால் ஒரு வாரியம் இன்றே தொடங்கக்கூடிய நல்லிணக்கப் பணி இதுதான்.

அப்புறம் புகை. சேஜ், தேவதாரு, இனிப்புப் புல் போன்றவற்றைப் புகைத்து உடலையும் இடத்தையும் தூய்மையாக்கும் சடங்கு பல பூர்வகுடிச் சமூகங்களில் உண்டு. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதைப் போல. புகையில்லாக் கட்டடம் என்று ஒப்பந்தத்தில் ஒற்றை வரி போட்டுவிட்டால் இந்தச் சடங்கும் குற்றமாகிவிடும். ஒன்டாரியோவின் புகைத்தடைச் சட்டம் பூர்வகுடிகளின் பாரம்பரியப் புகையிலைப் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. சட்டமே விலக்கு தரும்போது வாரியத்தின் விதி இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை. புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இருக்கப் பொதுக்கூடத்தில் காற்றோட்டமுள்ள அறை ஒன்றை வடிவமைப்பிலேயே சேர்ப்பது எளிய வழி. கட்டி முடித்த பிறகு சேர்ப்பதற்குத்தான் செலவு அதிகம்.

நிலம்

கடைசியில் எல்லாம் நிலத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி எந்த உடன்படிக்கையின் மூலமும் கைமாறாத நிலம். வான்கூவர் நகரம் மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத் ஆகிய மூன்று சமூகங்களின் நிலத்தில் இருப்பதை நகரசபையே 2014-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது.

அந்த நகரத்தின் நடுவே, பாலத்துக்கு அடியில் இருக்கும் செனாக்வ் என்ற இடத்தின் கதை இது. ஸ்குவாமிஷ் மக்களின் கிராமம் அது. 1913-இல் மாகாண அரசு அங்கிருந்த குடும்பங்களைப் படகில் ஏற்றி அனுப்பியது, வீடுகள் கொளுத்தப்பட்டன. நீண்ட வழக்குக்குப் பிறகு 2003-இல் திரும்பக் கிடைத்தது வெறும் பத்தரை ஏக்கர். 2019-இல் சமூக உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 87 சதவீத ஆதரவோடு, அங்கே சுமார் 6,000 வாடகை வீடுகள் கொண்ட உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப முடிவு செய்தார்கள். 2022-இல் முதல் கட்டங்களுக்கு 140 கோடி டாலர் கடன் கொடுத்தது சிஎம்எச்சி, அதாவது 1946-இல் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு கட்ட உருவான மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம். ஒதுக்கீட்டு நிலம் என்பதால் நகரசபையின் உயரக் கட்டுப்பாடுகள் செல்லாது. அக்கம்பக்கத்தார் சிலர் நீதிமன்றம் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது.

"இவ்வளவு பெரிய கோபுரங்களா? இது பூர்வகுடிப் பண்பாடு மாதிரி இல்லையே" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த முணுமுணுப்பில்தான் எனக்குச் சிரிப்பு வரும். நிலத்தைத் திரும்பக் கொடுத்த பிறகு அங்கே என்ன கட்டுவது என்பதை உரிமையாளர் முடிவு செய்வார், அவ்வளவுதான். சந்தை வாடகைக்கு விடப்படும் வீடுகளால் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பெரிய பயன் இல்லை என்ற விமர்சனம் வேறு வகை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரும் வருமானம் அந்தச் சமூகத்தின் கைக்குப் போகிறது, அதை வைத்துத் தன் மக்களுக்கு வீடு கட்டுவதா, மொழிப்பள்ளி நடத்துவதா என்பதும் அதன் தேர்வு.

வீட்டு வாரியங்களுக்கு இதில் இரண்டு வேலை. ஒன்று, இப்படியான திட்டத்துக்குக் கடனும் உத்தரவாதமும் தருவது. இன்னொன்று கடினமானது: தன் பெயரில் சும்மா கிடக்கும் மனைகளை விற்கவோ குத்தகைக்கு விடவோ கிளம்பும்முன் அந்த நிலத்துக்குரிய சமூகத்திடம் முதலில் கேட்பது. திட்ட வரைபடம் முடிந்த பிறகு அழைத்து ஒப்புதல் வாங்குவது கலந்தாலோசனை ஆகாது. தோண்டும்போது மூதாதையர் எலும்புகள் வெளிப்படுவது அந்தக் கரையோரங்களில் அபூர்வமில்லை. வான்கூவரின் மார்ப்போல் பகுதியில் 2012-இல் தனியார் அடுக்குமாடித் திட்டம் ஒன்றில் அப்படி நடந்தது. மஸ்குவியம் மக்கள் மாதக்கணக்கில் காவல் இருந்து போராடினார்கள், திட்டம் நின்றது, பிறகு அந்த இடத்தை அவர்களே வாங்கினார்கள். முன்கூட்டியே கேட்டிருந்தால் கட்டுநருக்கும் நஷ்டமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு ஊழியர்களுக்கு உறைவிடப் பள்ளி வரலாற்றையும் பூர்வகுடி உரிமைகளையும் கற்பிக்கச் சொல்கிறது 57-ஆம் பரிந்துரை. பெரும்பாலான வாரியங்கள் ஓர் இணையவழிப் பாடமாக இதை முடித்துக்கொள்கின்றன. கட்டுமான ஒப்பந்தங்களைப் பூர்வகுடி நிறுவனங்களுக்குக் கொடுப்பது, வாரியத்தின் இயக்குநர் குழுவில் அவர்களை அமர்த்துவது ஆகியவையும் நடக்கின்றன. தகவல் விஷயம் மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. குடியிருப்பவர்களிடம் இனம், வருமானம், குடும்ப விவரம் என்று வாரியம் சேகரிப்பது ஏராளம். தங்களைப் பற்றிய தகவலின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களிடமே இருக்க வேண்டும் என்பது ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களின் நீண்ட நாள் நிலைப்பாடு. பல ஆண்டுகள் அதிகாரிகள் வைத்திருந்த கோப்புகளால் குடும்பங்கள் சிதறியதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மத்திய அரசு 2023 வரவுசெலவுத் திட்டத்தில் நகர, கிராம, வடபகுதிப் பூர்வகுடிகளின் வீடுகளுக்காக ஏழு ஆண்டுகளில் 400 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அதற்கு முன் ஒதுக்கிய 28 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு, பூர்வகுடிகளே நடத்தும் ஒரு தேசியக் கூட்டமைப்பிடம் கொடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பார்த்த அதே பாதை, நாட்டளவில். இதற்கிடையே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட பழைய இயக்க ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டிருக்கின்றன. அடமானக் கடன் தீரும் நாளில் மானியமும் நிற்கும் என்பதே அவற்றின் ஏற்பாடு. கடன் தீர்ந்தாலும் குடியிருப்பவரின் வருமானம் கூடியிருக்காது, கூரைக்கும் வயதாகியிருக்கும். மானியம் நின்றால் சங்கத்துக்கு மிஞ்சுவது இரண்டு வழிதான்: வாடகையை ஏற்றுவது, அல்லது சில வீடுகளை விற்று மற்றவற்றைக் காப்பாற்றுவது.